உங்களுக்குத் தெரியுமா? பழைய அரசு லேப்டாப்புக்கும் புது இயங்குதளம்!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளைகள் தொட்ட முதல் கணினியே இதுவாக இருந்திருக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். லினக்ஸுக்கு இந்த நிபந்தனைகள் கிடையாது. லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் வகைகள் பழைய கணினியிலும் ஓடும். ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் நன்றாகவே கூடும். ஆனால் சிப் 64-பிட்டா என்று முதலில் பாருங்கள்: 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். நிறுவுவதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.