எந்தப் பள்ளியில் சேர்வது?

எட்டாம் வகுப்பு நிறைவுறும் வேளையில் பல இல்லங்களில், ‘அடுத்து எந்தப் பள்ளி?’ என்னும் வினா எழுகிறது. இது பெற்றோர் மட்டுமே விடை காண வேண்டிய வினா அன்று. அப்பள்ளியில் நாள்தோறும் பயிலப்போகும் மாணவரும் அம்முடிவில் பங்கு கொள்ளுதல் வேண்டும். பொதுப் பணத்தில் நடைபெறும் உயர்நிலைப் பள்ளிகளை எவ்வாறு ஒப்பிட்டு அறிவது என்பதை, மும்பைப் புறநகர் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

மாவட்டமும் பள்ளிகளும்

மும்பைப் புறநகர் மாவட்டம் 1990ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைக்கப்பட்டது. பாந்த்ரா இதன் தலைமையிடம். குர்லா, அந்தேரி, போரிவலி என மூன்று வட்டங்கள் இதில் உள்ளன. செம்பூர், முலுண்ட், சீத்தா கேம்ப் முதலிய பகுதிகளில் தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர்.

இங்குள்ள பொதுப் பள்ளிகளுள் மாநகராட்சிப் பள்ளிகளே மிகுதி. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் மும்பை மாநகராட்சி கல்வி வழங்குகிறது. இவற்றுள் பெரும்பாலானவை மாநில வாரியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவன. 2020ஆம் ஆண்டு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகளையும் மாநகராட்சி நடத்தி வருகிறது.

இரண்டாவது வகை கேந்திரிய வித்யாலயா. இடமாற்றத்திற்கு உட்பட்ட நடுவண் அரசு ஊழியர்களின் குழந்தைகள் தடையின்றிக் கற்பதற்காக 1963ஆம் ஆண்டில் 20 படைப்பிரிவுப் பள்ளிகளைக் கொண்டு இவ்வமைப்பு தொடங்கியது. பவாய், பாண்டுப், மான்குர்த் ஆகிய இடங்களில் இதன் பள்ளிகள் உள்ளன. அணுசக்தித் துறை ஊழியர்களின் குழந்தைகளுக்கென அணுசக்தி நகரில் இயங்கும் அணுசக்தி மத்தியப் பள்ளிகள் மூன்றாவது வகையாகும்.

எட்டாம் வகுப்புக்குப் பின்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அச்சட்டம் அளிக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. மாநகராட்சிப் பள்ளிகளுள் பலவும் ஏழாம் அல்லது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. எனவே, அதுவரை வீட்டருகே படித்த மாணவர் வேறு பள்ளியைத் தேடும் நிலை ஏற்படுகிறது. தக்க பள்ளி கிடைக்காமையால் இக்கட்டத்தில் படிப்பைக் கைவிடுவோரும் உளர். ஆகவே, இத்தேர்வு விருப்பத்தைப் பற்றியது மட்டுமன்று. கல்வி தொடருமா என்பதையும் இதுவே முடிவு செய்கிறது.

கேட்க வேண்டிய வினாக்கள்

‘எது நல்ல பள்ளி?’ என்று கேட்பதைவிட, ‘எனக்கு ஏற்ற பள்ளி எது?’ என்று கேட்பதே சிறந்தது. அதற்குத் துணைபுரியும் வினாக்கள் ஐந்து.

1. எந்த வகுப்பு வரை உள்ளது? மகாராட்டிரத்தில் மாநில வாரியப் பள்ளிகள் பல பத்தாம் வகுப்போடு முடிகின்றன. பின்னர் 11, 12ஆம் வகுப்புகளுக்கு இளநிலைக் கல்லூரியில் இடம் பெற வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர இயலும். எனினும், நீங்கள் விரும்பும் அறிவியல், வணிகவியல், கலைப்பிரிவு அங்கு உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும்.

2. பயிற்றுமொழி எது? தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர் ஆங்கிலவழியில் சேரும்போது, முன்பே அறிந்த அறிவியலையும் புதிய சொற்களில் மீண்டும் கற்க நேர்கிறது. மொழி மாறுவதால் அறிவு குறைந்துவிடுவதில்லை. ஆயினும், முதல் சில மாதங்களுக்குக் கூடுதல் உதவி தேவைப்படும். அவ்வுதவி கிடைக்குமா என்று பள்ளியில் கேட்கலாம். தமிழை ஒரு பாடமாகத் தொடர வழியுண்டா என்பதையும் கேட்கத் தயங்க வேண்டா.

3. குடும்பம் இடம்பெயருமா? தந்தையோ தாயோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுபவராயின், நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்தைக் கொண்ட கேந்திரிய வித்யாலயா பொருத்தமானது. செம்பூரிலேயே கடை நடத்தி நிலையாக வாழும் குடும்பத்திற்கு அந்தத் தேவை இல்லை. அக்குடும்பத்துப் பிள்ளைக்கு அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியே ஏற்றதாகலாம். கேந்திரிய வித்யாலயாவில் நடுவண் அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை உண்டு. பிறருக்கு இடமிருந்தால் மட்டுமே வாய்ப்புண்டு.

4. பயணம் எத்தகையது? நிலப்படத்தில் போரிவலியும் முலுண்டும் அருகருகே தோன்றும். இடையே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. ரயிலில் செல்வோர் தாதர் வரை சென்று, வேறு தடத்திற்கு மாறித் திரும்ப வேண்டும். எனவே, தொலைவைக் கிலோமீட்டரில் அளவாமல், செலவாகும் நேரத்தில் அளக்க வேண்டும். குர்லா போன்ற தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் தண்டவாளங்கள் நீரில் மூழ்குவதையும் கருதுதல் வேண்டும்.

5. தேர்ச்சி விழுக்காடு எதைக் காட்டுகிறது? ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 50 பேர் சேர்ந்தனர் எனக் கொள்வோம். அவர்களுள் 38 பேர் மட்டுமே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, அனைவரும் வெற்றி பெற்றனர். பள்ளியின் பலகையில் ‘100 விழுக்காடு’ என்று எழுதப்படும். எஞ்சிய 12 பேர் எங்கே சென்றனர்? மற்றொரு பள்ளியில் 50 பேர் சேர்ந்து, 50 பேரும் தேர்வெழுதி, 45 பேர் வென்றனர். அப்பள்ளியின் விழுக்காடு 90. இவ்விரண்டனுள் மிகுதியான மாணவரைக் கரை சேர்த்தது இரண்டாம் பள்ளியே. ஆதலால், எத்தனை பேர் வென்றனர் என்பதோடு, எத்தனை பேர் சேர்ந்தனர் என்றும் கேட்க வேண்டும்.

நேரில் காணுதல்

இந்தியாவில் உள்ள பள்ளிகளுக்கு 11 இலக்க ‘யுடைஸ்’ குறியீட்டெண் வழங்கப்பட்டுள்ளது. அதனைக் கொண்டு ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி முதலியவற்றை இணையத்தில் அறியலாம். எனினும், நேரில் சென்று காண்பதற்கு அது ஈடாகாது. ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா, நூலகப் புத்தகங்கள் மாணவர் கைக்குச் செல்கின்றனவா, கழிப்பறை தூய்மையாக உள்ளதா என்பவற்றைக் கண்ணால் கண்டே அறிய வேண்டும். அங்குப் பயிலும் மாணவர் ஒருவரிடம், ‘பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்?’ என்று வினவுங்கள். அவர் தயங்காமல் ஓர் ஆசிரியரின் பெயரைக் கூறினால், அது விளம்பரப் பலகையினும் சிறந்த சான்றாகும்.

எல்லாக் குறையும் நீங்கிய பள்ளி எங்கும் இல்லை. நமக்கு இன்றியமையாத தேவைகள் எவை, விட்டுக்கொடுக்கத்தக்கவை எவை என்று வீட்டில் கூடியமர்ந்து பேசுவதே நல்ல தேர்வின் தொடக்கமாகும்.

சொற்பொருள்

அருகமைப் பள்ளி – வீட்டிற்கு அருகிலுள்ள பள்ளி
பயிற்றுமொழி – பாடம் கற்பிக்கப்படும் மொழி
நடுவண் அரசு – மத்திய அரசு
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு

பயிற்சி

1. எட்டாம் வகுப்புக்குப் பின் பள்ளித் தேர்வு ஏன் இன்றியமையாததாகிறது?
2. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கொண்டு பள்ளியை மதிப்பிடலாமா? காரணம் கூறுக.
3. உங்கள் ஊரிலுள்ள இரண்டு பொதுப் பள்ளிகளை இப்பாடத்தின் ஐந்து வினாக்களைக் கொண்டு ஒப்பிட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.