தாளில் நின்ற மலைகள் – 14: செம்பைத் தின்னும் திராவகம்

கல்கத்தாவில் தாங்கள் தீட்டிய 150 எண்ணெய் வண்ணச் சித்திரங்களைச் சீட்டுக் குலுக்கலில் விட்டுப் பணம் திரட்டிக்கொண்டு, தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் சென்னைப் பட்டினத்துக்குப் புறப்பட்டார்கள் என்பதுவரை சொல்லி நிறுத்தியிருந்தேன். முன்கதை மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மறுபடியும் சொல்ல இடமில்லை.

இந்த வாரம் ராயக்கோட்டை மலையை அவர்கள் வரைந்த விருத்தாந்தத்தைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். சொல்லத்தான் போகிறேன். ஆனால், அதற்கு முன் திராவகத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது; பேசாமல் விட்டால் இந்த வாரம் எனக்கு உறக்கம் வராது.

முதலில் பாதையைக் காட்டிவிடுகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் இரு புதல்வர்களைப் பிணையாகக் கொடுத்து, பாராமகால், திண்டுக்கல், மலையாளக் கரை ஆகிய சீமைகளைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தது அதே மார்ச் மாதத்தில்தான். மை உலர்வதற்குள் என்று சொல்லும்படியாக, சென்னையில் இரண்டு வாரமும் முழுதாகத் தங்காமல், பல்லக்குகளும் குதிரைகளும் பொதிமாடுகளும் பெரும் பரிவாரமுமாக இவ்விருவரும் அந்தப் புதுச் சீமைக்குள் புகுந்து, மைசூர் எல்லையை நோக்கி ஏறினார்கள். ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜகதேவி, ஓசூர் ஆகிய இவை யாவும் அவர்களுடைய தாள்களில் இருக்கின்றன. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மாரிகுப்பத்திலிருந்து ராயக்கோட்டை நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர். அந்நாளில் இங்கே சுரங்கமும் இல்லை, ரயிலும் இல்லை. இவ்வூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் மண்ணை அலசிப் பொன் எடுக்கிறார்கள் என்ற செய்தி ஜான் வாரன் என்ற லெப்டினெண்டின் காதில் விழுந்ததே அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1802-இல்தான். பொன் இருந்த மண்ணை வடக்கே ஒதுக்கிவிட்டுப் பாறையைத் தேடிக்கொண்டு போன இரண்டு மனிதர்களை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் ஒருவித வாஞ்சை உண்டாகிறது.

அவர்கள் எழுதிய விதம் பின்வருமாறு. வில்லை ஒன்றும், சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்றும் பொருத்திய இருட்டுப் பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. ஐரோப்பியர் இதைக் கேமரா அப்ஸ்க்யூரா என்பார்கள். எதிரே நிற்கும் மலையின் பிம்பம் பெட்டிக்குள் விரித்த தாளின்மேல் விழும். விழுந்த பிம்பத்தின் விளிம்பைப் பென்சிலால் தடவிக்கொண்டே போக வேண்டியதுதான். இதை ஏதோ குறுக்குவழி என்று இகழ்கிறவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும்; சூரியன் நகர நகர நிழலும் நகரும், தலைக்குமேல் துணியைப் போர்த்திக்கொண்டு சித்திரை வைகாசி வெயிலில் பாராமகால் பாறையின் அடியில் உட்கார்ந்திருப்பது யோகிகளுக்கே உரிய காரியம். பென்சில் கோடு முடிந்தபின், வேண்டிய இடத்தில் மையும், அதன்மேல் நீர்த்த சாம்பல் வண்ணமும், பிறகு அளவாக நீலமும் காவியும் ஏறும். சில தாள்களில் வண்ணம் பாதியோடு நின்றுவிட்டது. சிலவற்றில் ஏறவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் வண்ணத்தின் அடியில் பென்சில் கோடு தெளிவாகத் தெரியும். மலையின் முகட்டில் கோடு தயங்காமல் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கும்; கோட்டைச் சுவரின் மூலைகளுக்கு வந்தவுடன் நின்று நிதானித்திருக்கும்; மரங்களுக்கு வந்தால் ஒரு சுழிப்போடு விட்டிருக்கும். மரம் எப்படியிருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்தே எழுதிக்கொள்ளலாம், சுவர் எங்கே திரும்புகிறது என்பதை அப்படி எழுத முடியாதல்லவா?

துல்லியத்தில் அவர்களுக்கு இருந்த இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணமும் உண்டு. அவர்களுக்குச் சில வருஷங்கள் முன்பே இந்தியாவுக்கு வந்து போயிருந்த வில்லியம் ஹாட்ஜஸ் என்ற சித்திரக்காரர் (காப்டன் குக்கோடு தென்கடல் யாத்திரை போனவர்) 48 இந்தியக் காட்சிகளை அச்சிட்டுப் பிரசித்தி பெற்றிருந்தார். டேனியல்கள் வடநாட்டில் சுற்றியபோது அவர் சித்திரம் எழுதிய இடங்களுக்குப் போய், அவருடைய படத்தையும் எதிரே உள்ள கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மனிதர் கண்ணை நம்பாமல் கற்பனையை நம்பிவிட்டார் என்ற முடிவுக்கு வந்தார்கள். போட்டியாளன் மீது கொண்ட அசூயை ஒரு நல்ல காரியத்துக்கு உதவிய அபூர்வ சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

இனி, திராவகம்.

1794-ஆம் வருஷம் செப்டம்பரில் இருவரும் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். மறுவருஷமே தொடங்கி 1808 வரையில், ஆறு பகுதிகளாக, 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' என்ற மகத்தான தொகுதியை வெளியிட்டார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். அக்காலத்தில் அது பிரபுக்கள் மட்டும் வாங்கக்கூடிய தொகை. இந்தப் படங்கள் அக்வாடின்ட் என்னும் முறையில் அச்சானவை என்று எல்லாப் புத்தகங்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த வாரம்தான் நான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது முதல் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெருகிட்ட செம்புத் தகட்டின்மேல் பிசினை மிக நுண்ணிய பொடியாகத் தூவி, அடியில் சூடு காட்டுவார்கள். பொடியின் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். துகளுக்கும் துகளுக்கும் இடையே மயிரிழை அளவு செம்பு வெறுமையாக நிற்கும். படத்தில் வெண்மையாகவே இருக்க வேண்டிய பகுதிகளை, அதாவது மேகத்தின் விளிம்பையும் சுவரின் வெயில் பட்ட பக்கத்தையும், முதலில் வார்னிஷால் மூடிவிட்டு, நீர் கலந்த நைட்ரிக் திராவகத்தைத் தகட்டின்மேல் விடுவார்கள். பிசின் மூடாத இடமெல்லாம் திராவகம் செம்பை அரிக்கும். சற்று நேரத்தில் திராவகத்தை வடித்துவிட்டு, வெளிர் நிழலாக நிற்க வேண்டிய வானத்தை வார்னிஷால் மூடி மறுபடியும் திராவகம். பிறகு தூரத்து மலையை மூடி மறுபடியும். கடைசியில் பாறையின் அடிநிழல் மட்டும் திறந்திருக்கும்வரை இப்படியே. எத்தனை நேரம் அரிக்கிறதோ அத்தனை ஆழம். எத்தனை ஆழமோ அத்தனை மை. எத்தனை மையோ அத்தனை இருள். ஒருமுறை அதிகமாக அரித்துவிட்டால் எளிதில் அழித்துத் திருத்த முடியாது. தாளில் உள்ளதை உள்ளபடியே செம்பில் எழுதினால் அச்சில் இடம் வலமாகிவிடும் ஆகையால், ஓசூரையும் ராயக்கோட்டையையும் தலைகீழ்ப் பாடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல், எழுதவும் வேண்டும். அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டுவார்கள்.

நைட்ரிக் திராவகம் என்று கண்ணில் பட்டதும் எனக்கு இவ்வூர்ச் சுரங்கத்தில் பொன்னின் அளவைச் சோதிக்கும் அஸ்ஸே ஆபீஸ் ஞாபகம் வந்தது. சுரங்கங்கள் 2001-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசி நாளில் மூடப்பட்டன. அதற்கு முன் அங்கே வெகுகாலம் வேலை பார்த்தவர் ஒருவர் எங்கள் லைனிலேயே இருக்கிறார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தம்முடைய பக்கத்தைச் சொன்னார். கல்லை மாவாக இடித்து, ஈயச் சுண்ணத்தோடும் வெங்காரத்தோடும் மூசையில் உருக்கினால், பொன்னும் வெள்ளியும் ஈயத்தோடு சேர்ந்து அடியில் தங்கும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பலாலான சிறு கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால் ஈயத்தைச் சாம்பல் குடித்துவிட்டு, கடுகுபோல் ஒரு மணியை மிச்சம் வைக்கும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் திராவகத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து போகும், பொன் மட்டும் பழுப்பு நிறமாய் அடியில் நிற்கும். அதைச் சுட்டால்தான் மஞ்சள் வரும்.

"திராவகத்துக்குச் செம்புன்னா சோறு, வெள்ளின்னா பலகாரம். தங்கத்தை மட்டும் அது தொடாது தம்பி," என்றார்.

"இவங்க செம்பைத்தான் ஐயா தின்னக் கொடுத்திருக்காங்க," என்றேன்.

"செம்புன்னா புகை வருமே! செங்காவிப் புகை. ஜன்னலைத் தொறந்து வெச்சிக்கணும். இல்லன்னா நெஞ்சைப் புடிச்சிக்கும். தகட்டு மேல கொப்புளம் கொப்புளமா காத்து நிக்கும். அதைத் தள்ளிவிடலைன்னா அந்த எடம் மட்டும் அரிக்காது. எதால தள்ளினாங்களாம்?"

பறவை இறகால் என்று நான் படித்திருந்ததைச் சொன்னவுடன் அந்தப் பெரியவர் முகத்தில் தோன்றிய திருப்தியை நான் எளிதில் மறக்கமாட்டேன். தொழில் தெரிந்தவனைத் தொழில் தெரிந்தவன் இருநூறு வருஷம் கடந்தும் அடையாளம் கண்டுகொள்கிறான்.

இவ்வளவும் சொன்னது தொழில்நுட்பத்தின் மேலுள்ள மோகத்தினால் மட்டும் அன்று. உலகம் டேனியல் என்றவுடன் நினைத்துக்கொள்வது இந்த அச்சுப் படங்களைத்தான். கடையில் மாட்டியிருப்பதும், நாட்காட்டியில் வருவதும், பழம்பொருள் வியாபாரி தொகுதியைப் பிரித்துத் தனித்தனியாக விற்பதும் இவற்றைத்தான். ஆனால், அச்சுப் படம் வாங்குகிறவனுக்காக உண்டாக்கப்பட்டது. அவன் கண்ணுக்கு வானம் வேண்டும், முன்புறத்தில் நாலு மனிதர் வேண்டும், ஓர் ஆலமரம் ஓரமாக நின்று சட்டம் போட வேண்டும். அதிலும் மலைக்கோட்டைப் படங்களுக்குக் கிராக்கி வந்தது எதனால் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ராயக்கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது 1791-இல். நந்திதுர்க்கத்தைப் பிடித்ததும் அதே வருஷத்தில். அந்தச் சுவர்களில் ஏறிய உத்தியோகஸ்தர்களும் அவர்களுடைய பந்துக்களும் தங்கள் வெற்றியைச் சுவரில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். சுற்றுப்பயணம் முடிந்து சென்னை திரும்பியவுடன், 1793-இன் தொடக்கத்தில், இவர்கள் மறுபடியும் ஒரு சீட்டுக் குலுக்கல் நடத்தியபோது வாங்கியவர்கள் யார் என்று ஊகிப்பது கடினமா? (நந்திதுர்க்கம் பின்னால் இங்கே ஒரு சுரங்கத்துக்கே பெயராயிற்று, யுத்தத்தில் விழுந்த மலை, பூமிக்கு அடியில் போய் மறுபடியும் எழுந்தது என்று இவ்வூர்க் கவிராயர் யாரும் இதுவரை பாடாதது ஆச்சரியம்.)

தாள்கள் வேறு ஜாதி. அவை யாருக்கும் காட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவற்றைத் தாமஸ் டேனியல் தம் சித்திரக்கூடத்தில் வைத்துக்கொண்டு, 1799-இல் ராயல் அகாடமியின் முழு அங்கத்தினராகி, அதற்குப் பின்னும் நெடுங்காலம், எண்பது வயதை நெருங்கும்வரை, இந்தியக் காட்சிகளையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பொருட்காட்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு அவர் மறுபடியும் வரவில்லை. 1840-இல், மருமகன் போலவும் மகன் போலவும் உடனிருந்த வில்லியம் மறைந்து மூன்று வருஷம் கழித்து, அவர் காலமாகும்வரை, தென்னாட்டு வெயில் அவருக்குக் கிடைத்தது அந்தத் தாள்களிலிருந்து மட்டுமே. பாதியில் விட்ட தாளைப் பார்க்கும்போது, இவ்வளவு போதும், மீதி எனக்குத் தெரியும் என்று ஒரு மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது காதில் விழுகிறது. அச்சுப் படத்தில் அந்தக் குரல் இல்லை. ஆகவே 144 படங்களையும் ஒரு தட்டில் வைத்து, வண்ணம் ஏறாத ஒரு மலைத்தாளை மறுதட்டில் வைத்தால் நான் எதை எடுத்துக்கொண்டு ஓடுவேன் என்று வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் என்னோடு உடன்படமாட்டார்கள், படாமலே இருக்கட்டும்.

அந்தத் தாள்கள் போன தூரமும் கொஞ்சமல்ல. கிளாஸ்டர்ஷயரில் செசிங்கோட் என்ற மாளிகையைக் காக்கரல் குடும்பத்தார் இந்தியப் பாணியில் எழுப்பியபோது, தோட்டத்துக்குக் கோவிலும் பாலமும் அமைக்க யோசனை சொன்னவர் தாமஸ்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நந்திகள் படுத்திருக்கின்றன. சாராயக் கடைக்காரர் மகனாகப் பிறந்து, கோச்சு வண்டிகளில் குலச்சின்னம் எழுதித் தொழில் பழகிய மனிதர், இங்கிலீஷ் மழையில் நந்தியை நனையவைத்துவிட்டார். வில்லியத்தின் தம்பி சாமுவேலும் சித்திரக்காரரே. அவர் இலங்கைக்குப் போய் அங்கே காடும் விலங்கும் எழுதிக்கொண்டிருந்து, 1811-இல் அந்தத் தீவிலேயே இறந்துபோனார். அவர் கதை தனியாக ஒரு வாரம் பெறும்.

ராயக்கோட்டை? ஆசிரியர் கொடுத்த பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நிச்சயமாக அந்த மலையின் அடியில்தான் தொடங்குவோம். இதற்கிடையில் திருநெல்வேலிச் சீமை வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தொகுதியின் நான்காம் பகுதியில், 'களக்காட்டின் அருகிலிருந்து எடுக்கப்பட்ட குமரிமுனை' என்று பெயரிட்ட ஒரு படம் உண்டு. களக்காட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது மலையா, முனையா என்பதை அவ்வூர் அன்பர் யாரேனும் ஒரு கார்டில் எழுதிப் போட்டால், குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் நாம் போய்ச் சேருவதற்குள் அது எனக்கு மிகவும் உபயோகப்படும்.