தக்காளி நாற்றுக்கு முதல் மூன்று வாரம்

குழித்தட்டில் 25 நாள் வளர்ந்த தக்காளி நாற்றுக்கு, மண்ணில் நட்ட முதல் மூன்று வாரம்தான் கண்டம். தண்டு இன்னும் பிஞ்சாக இருக்கும். நத்தை ஒரே இரவில் அரித்துவிடும். வேர் ஆழம் போயிருக்காது. தண்ணீர் தேங்கினால் அழுகும். இலையின் தோல் தடித்திருக்காது. மழை விட்டதும் அடிக்கிற சுள்ளென்ற வெயில் அதை வெளுக்க வைத்துவிடும். இந்த மூன்று வாரத்தைத் தாண்டிவிட்ட செடியை நத்தை கடித்தாலும் இரண்டு இலை போகும், செடி போகாது. ஆகவே பாதுகாப்பு வேலை முழுவதையும் இந்த நாட்களிலேயே செய்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் கார்த்திகை, மார்கழியில் நடுகிற தக்காளி நன்றாகக் காய்க்கும். பூக்கிற சமயத்தில் தை, மாசி மாத இரவுகள் குளிர்ந்திருப்பதுதான் காரணம். இரவிலும் புழுக்கமாக இருந்தால் பூ காயாக மாறாமல் கொட்டிவிடும். ஆனால் அந்த விளைச்சலுக்காக நாம் நாற்றை வெளியே எடுக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து நிற்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் பெய்கிறது. நத்தை வெளியே வருவதும் அப்போதுதான்.

காலையில் போய்ப் பார்க்கும்போது நாற்று விழுந்து கிடந்தால், உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் குனிந்து தண்டைப் பாருங்கள். இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகள், தண்டில் சுரண்டிய தடம், பக்கத்து மண்ணிலோ செங்கலிலோ காய்ந்து பளபளக்கும் கோழைக் கோடு, இவை இருந்தால் நத்தை. தண்டு மண்மட்டத்தில் கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்டு, மேல்பாதி தின்னப்படாமல் அப்படியே கிடந்தால் அது வெட்டுப்புழு. செடியைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். இலையெல்லாம் முழுசாக இருந்து, தண்டு மட்டும் மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, பழுப்பாகி, நூலாய் மெலிந்து சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் என்கிற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அழுகல் நோய்க்கு நத்தை மருந்து போட்டுவிட்டு "எதுவும் கேட்கவில்லை" என்று பலர் சலித்துக்கொள்வது இந்த ஒரு நிமிடப் பார்வையைத் தவறவிடுவதால்தான்.

நத்தையிலும் இரண்டு வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஓடில்லாத நத்தை. தட்டையாக, கறுப்பும் பழுப்பும் கலந்து, முதுகின் நடுவில் வெளிர்க்கோடு ஓடும். பகலில் தொட்டிக்கு அடியிலும் மண் வெடிப்பிலும் பதுங்கியிருக்கும். மற்றது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த உயிர் தானாக இங்கே வரவில்லை. நத்தை ஆராய்ச்சியாளரான வில்லியம் பென்சன் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவர, 1847இல் அது அந்நகரின் சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மழை பெய்த மதில்சுவரில் எல்லாம் அதுதான் ஊர்கிறது. கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். மழை ஈரம் பட்டதும் விழித்து, தின்று, முட்டையிடும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடக்கூடியவை. ஒரு தடவையில் நூற்றுக்கு மேல் இடும். மண்ணைக் கிளறும்போது சவ்வரிசி போன்ற வெளிர்மஞ்சள் உருண்டைகள் கொத்தாகக் கிடந்தால் தயங்காமல் அள்ளி நசுக்கிவிடுங்கள்.

இதிலிருந்தே எப்போது வேலையைத் தொடங்குவது என்பதும் தெரிகிறது. நாற்று நட்ட பிறகு நத்தையைத் தேடுவதைவிட, பருவமழையின் முதல் சில இரவுகளில், அது முட்டையிடுவதற்கு முன்பே பிடித்துவிடுவது பல மடங்கு பயன் தரும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நனைந்த கோணிச்சாக்கை இரவில் பாத்திக்கு அருகே விரித்து, அதற்குக் கீழே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் தழையோ போட்டு வையுங்கள். இருட்டில் தின்ன வருபவை பகலில் அங்கேயே தங்கிவிடும். விடிந்ததும் சாக்கைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் எடுத்து, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடுங்கள். அந்த உப்பு நீரைப் பாத்தியில் கொட்டிவிடக் கூடாது. நத்தைமேல் நேராக உப்பைத் தூவுவதும் அப்படித்தான், மண் கெட்டுப்போகும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சுடன் ஒரு சுற்று வருவது இன்னும் நல்லது. இலையின் அடிப்பக்கத்திலும் வளர்ப்புப் பையின் விளிம்பிலும் வெளிச்சத்தை அடியுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளை அதோடு விளையாட விடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவத்தை நத்தைகள் சுமந்து திரியலாம். அது மனித உடலுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள், நத்தை ஊர்ந்த தோட்டத்துக் கீரையை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள்.

முட்டை ஓட்டுத்தூள் தூவுங்கள், செப்புப் பட்டை சுற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி இந்த இரண்டையும், கூடவே கூர்மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகியவற்றையும் லெட்யூஸ் கீரையில் வைத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. ஒன்றும் போடாத செடியை நத்தை எவ்வளவு தின்றதோ அவ்வளவு இவை போட்ட செடியையும் தின்றிருந்தது. நம் ஊர் அடைமழையில் முட்டைத்தூளும் சாம்பலும் அரைமணி நேரம்கூட வறண்டு கிடக்காது. அவற்றைத் தூவும் நேரத்தை இரவுச் சுற்றுக்குக் கொடுங்கள். மெட்டால்டிஹைடு குருணை நத்தையைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அதன் வாசனைக்கு நாயும் வந்து தின்றுவிடும், அதன் உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் 2022 முதல் வெளிப்புறத் தோட்டங்களில் அதற்குத் தடை. நாய், கோழி நடமாடும் வீட்டில் அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது மேல். தின்ற நத்தை இரை எடுப்பதை நிறுத்திவிட்டுச் சாகும், மண்ணுக்கும் கெடுதல் இல்லை. உங்கள் பகுதியில் செம்போத்து வருகிறதென்றால் விரட்டாதீர்கள். பெருநத்தையை விரும்பித் தின்னும் பறவை அது.

இனி தண்ணீருக்கு வருவோம். நத்தையையும் நாற்றழுகலையும் வெவ்வேறு எதிரிகளாக நினைக்கிறோம். இரண்டுக்கும் வாழ்வு கொடுப்பது தண்டைச் சுற்றி இரவு முழுவதும் காயாமல் கிடக்கிற ஈரம்தான். மாலையில் ஊற்றுகிற தண்ணீர், நத்தை ஊரும் நேரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. விடிகாலையில் ஊற்றினால் பொழுது சாய்வதற்குள் மேல்மண் உலர்ந்துவிடும். உழவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கே முழுப் பொருத்தம்: விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம்.

மூடாக்கு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வைக்கோலும் சருகும் மழைத்துளி மண்ணை இலையில் தெறிக்கவிடாமல் தடுக்கும், அதனால் இலைக்கருகல் குறையும். நல்லதுதான். ஆனால் பிஞ்சுத் தண்டை ஒட்டிப் போட்டால் நத்தைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. முதல் மூன்று வாரம் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

தரையில் நடுவதானால் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, இரு பக்கமும் வாய்க்கால் எடுத்து விடுங்கள். பைகளில் வளர்ப்பவர்கள் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியும், பைக்கு அடியில் நத்தை தங்குவதும் கண்ணில் படும். மாடியில் நத்தை ஏறாது என்று நம்பிவிடாதீர்கள். சுவரேறி வருவதைவிட, வாங்கி வருகிற தொட்டிச்செடியின் அடியிலும் மக்கு உரத்திலும் முட்டையாக வந்து சேர்வதுதான் அதிகம்.

இரண்டு நாள் மழை கொட்டி மூன்றாம் நாள் வெயில் வந்ததும் நாற்று துவண்டு நிற்கும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடியை முடிப்பது அதுதான். மண்துளைகளில் நீர் நிரம்பி வேருக்குக் காற்று கிடைக்காததால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது மேல்மண்ணைச் சிறு குச்சியால் இலேசாகக் கிளறிவிட்டு, இரண்டு நாள் நிழல் கொடுப்பது மட்டும். நாற்றழுகல் தொடங்கியிருந்தால் விழுந்த செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மீதியின் தூரில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றலாம். விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) கலந்திருந்தால் இந்த நிலைக்கு வருவது அரிது.

மழை நேராகத் தாக்காமல் இருக்க வளைத்த மூங்கில் மேல் பாலித்தீன் கூரை போதும். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மூடினால் உள்ளே புழுங்கி நோய் கூடும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்துக்கு இதே மழைக்கூரையோடு, கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளியையும் பரிந்துரைத்தது. கத்தரி வேர் நீர் தேங்கலையும் வாடல் நோயையும் தாங்கும். ஒட்டு நாற்று வாங்கினால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். சாதாரண நாற்றை மாறாக ஆழமாக நடலாம்: கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, முதல் இலை வரை தண்டைப் புதைத்தால் புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும், காற்றுக்கு அசையாது.

நிழல்வலையில் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டுகள் காகிதமாய்க் காய்ந்து நிற்கும். ஒரு வாரம் பழக்குங்கள். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, தண்ணீரையும் சற்றுக் குறைத்து. மாலையில் நடுங்கள். நட்டதும் மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றுத் துண்டைச் சாய்த்துக் குத்தினால் பிற்பகல் வெயிலுக்கு அதுவே குடை.

ஒற்றைச் செடிக்குக் காவலாக, பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டிவிட்டு வளையமாகக் கவிழ்த்து, இரண்டு அங்குலம் மண்ணில் அழுத்தலாம். வெட்டுப்புழுவுக்கு இது உறுதியான தடை. நத்தை ஏறிவிடும், ஆனால் ஏறுவது காலையில் கண்ணில் படும். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும், மூடினால் வெயிலில் நாற்று வெந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளை மாடிக் கைப்பிடிச்சுவரை ஒட்டி நெருக்கமாகச் சேர்த்து, குச்சி நட்டு, வாழைநாரால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்டு பென்சில் பருமன் வந்து, கையால் இலேசாக அசைத்தால் வளையாமல் நிமிர்ந்தால், பாட்டில் வளையத்தை எடுத்துவிடலாம். மண்ணைத் தொடும் கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். இரவுச் சுற்றை வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். முதல் பூங்கொத்து எட்டிப் பார்க்கும்போது, ஆளுயரக் குச்சியை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.