மஞ்சளும் நீலமும் எப்போது பச்சையாகும்?



தீபாவளி நெருங்கிவிட்டால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பேரங்காடிகளின் தரைத்தளத்தில் சாயமேற்றிய அரிசியால் பெரிய கோலம் போடுவார்கள். மேல்மாடியில் நின்று அதை எட்டிப் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

இப்போது ஒரு கேள்வி. கோலம் போடும் அக்காவிடம் பச்சை நிற அரிசி தீர்ந்துவிட்டது. மஞ்சள் அரிசியும் அடர்நீல அரிசியும் மீதம் இருக்கின்றன. இரண்டையும் சம அளவில் கலந்து மயில் தோகைக்குத் தூவினால், மாடியில் இருப்பவருக்குத் தோகை பச்சையாகத் தெரியுமா?

வண்ணம் தீட்டும்போது மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதானே வரும் என்பீர்கள். ஆனால் இந்தத் தோகை சாம்பல் பூத்தாற்போல் மங்கித்தான் தெரியும். ஏன்?

சாயத்தின் வேலை ஒளியை விழுங்குவது. வெள்ளை ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் உண்டு. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிவிடும். நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கரைத்தால் இரண்டுக்கும் தப்பி வெளியே வருவது பச்சை ஒளி மட்டுமே.

அரிசி மணிகள் அப்படிக் கரைவதில்லை. மஞ்சள் மணி சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. பக்கத்து நீல மணி நீலத்தையும் சிறிது பச்சையையும் அனுப்புகிறது. அருகில் குனிந்து பார்த்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். ஆனால் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மணியை ஏறத்தாழ 7 மீட்டருக்கு அப்பால் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. அங்கே மூன்று ஒளியும் கண்ணுக்குள் ஒன்றாகக் கலந்து, நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிடுகிறது.

ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1855-இல் வண்ணத் தாள்களை ஒரு வட்டில் பொருத்தி வேகமாகச் சுழற்றிப் பார்த்தார். மஞ்சளும் நீலமும் அவருக்கும் பச்சையைத் தரவில்லை. கைப்பேசித் திரையிலும் இதே கணக்குதான்: அதில் தெரியும் மஞ்சள் நிறம், சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் சேர்ந்து காட்டுவது.

ஆகவே பச்சைத் தோகை வேண்டுமென்றால், அரிசியைக் கலக்கக் கூடாது. அரிசியை நனைப்பதற்கு முன்பே சாயத்தைக் கலக்க வேண்டும்.

ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதும் முக்கியம். பாரிஸில் கோப்ளின் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறாமல் மங்கித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின! இதை ஆராய்ந்து 1839-இல் அவர் எழுதிய நூல் ஓவியர்களின் பாடமாயிற்று. ஓவியக் கல்லூரியில் நிறக்கோட்பாடு படிக்கும் அண்ணன் அக்காமார், ஒரே நிறத் தாளை வெவ்வேறு பின்னணியில் ஒட்டி இன்றும் இதைப் பழகுகிறார்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடைக்குப் போனால் கவனியுங்கள். சிவப்புக் கரை பச்சை உடலோடு சேரும்போது பளிச்சென்று எழும். ஆரஞ்சு உடலோடு சேர்ந்தால் அடங்கிப் போகும்.

வீட்டிலேயே சோதிக்கலாமா? ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டுங்கள். ஒன்றை ஆரஞ்சுத் தாளின் நடுவிலும் மற்றொன்றை நீலத் தாளின் நடுவிலும் வையுங்கள். எந்தச் சாம்பலில் நீலச் சாயல் தெரிகிறது, எதில் ஆரஞ்சுச் சாயல் தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, இரண்டு துளையிட்ட வெள்ளைத் தாளை மேலே வைத்துச் சதுரங்களை மட்டும் பாருங்கள். உங்கள் கண் சொன்னதையும் தாள் சொல்வதையும் ஒப்பிட்டு, காரணத்தை வகுப்பில் நண்பர்களுக்கு விளக்குங்கள்!