ராத்திரி 9 மணிக்கு பால்கனி லைட் எரிஞ்சாதான் தூக்கம்! - வில்லிவாக்கத்தில் ஒரு முழு ஊரடங்கு வாரம்

சென்னை, வில்லிவாக்கத்தில் ஒரு குறுகலான தெரு. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளங்கள், ஆறு வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பு. மே 24, திங்கள்கிழமை காலை ஏழரை மணி. தெருமுனையில் 'தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு...' என்று ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல் கேட்டதுமே ஐந்து வீட்டுக் கதவுகள் திறந்துகொண்டன. நைட்டிக்கு மேல் துப்பட்டா, அதற்கு மேல் மாஸ்க், கையில் ஒயர் கூடை. தளர்வில்லா ஊரடங்கின் முதல் நாள் காட்சி இது.

ஆறாவது கதவு திறக்கவில்லை. முதல் மாடி பால்கனியிலிருந்து கொடிக்கயிறு ஒன்று மட்டும் இறங்கியது. அந்த வீட்டில் 64 வயது ஓய்வுபெற்ற ஆசிரியையும், 70 வயதான அவர் கணவரும் இருக்கிறார்கள். இருவருக்கும் கொரோனா பாசிட்டிவ். டாக்டர் சொன்னபடி வீட்டுத் தனிமை. மகன் பெங்களூரில். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரும் இல்லை.

"தம்பி, எலுமிச்சம்பழம் நாலு, இஞ்சி கொஞ்சம் போடுப்பா" என்று மேலிருந்து டீச்சர் சொல்ல, வண்டிக்காரர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயம். அதில் தப்பு சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்த நேரம் அது. பின்னாலிருந்து வந்து பையை வாங்கிக் கயிற்றில் கட்டியது இரண்டாவது மாடிப் பையன். பிளஸ் டூ மாணவன். தேர்வு தள்ளிப்போய், நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல், மூடவும் முடியாத, படிக்கவும் பிடிக்காத புத்தகங்களோடு மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தவன். அன்று முதல் கயிறு அவன் பொறுப்பு. தினமும் புதுத் துணிப்பை, பணம் ஜிபேயில்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருக்கலாம் என்று அரசு அறிவித்திருந்ததால், எல்லோரும் முண்டியடித்து வாங்கிவிட்டார்கள். ஆனால், பதற்றத்தில் வாங்கினால் கணக்கு சரியாக வருமா? ஒரு வீட்டில் மூன்று கிலோ துவரம்பருப்பு இருந்தது, சீரகம் இல்லை. எதிர்வீட்டில் சீரகம் இருந்தது, சமையல் எண்ணெய் அரை லிட்டர்தான். மளிகைக்கடைகள் மூடியிருந்த அந்த வாரத்தில் மாடிப்படிதான் கடை. மூன்றாவது படியில் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒருவர் விலகினால், மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் காபித்தூள் தீர்ந்தபோது, அந்த வீட்டுத் தாத்தா காலை முழுக்க யாரோடும் பேசவில்லை. பதினோரு மணிக்கு ஒரு சின்ன சம்படம் படியேறிவந்தது. அப்புறம்தான் பேச்சு வந்தது.

டீக்கடை மூடியதில் ஆண்களுக்குத்தான் கை ஒடிந்ததுபோல ஆனது. மாலை ஐந்தரைக்கு மொட்டைமாடிக்கு ஃபிளாஸ்க் ஏறியது. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு சொந்த டம்ளர். பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ் மே 8-ம் தேதி தொடங்கியதும், இரண்டே நாளில் ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுபோனதும் அங்கே பேசித் தீராத விஷயம். ஆவின் பால் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைந்தது அடுத்தது. அந்தப் பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றி அனுப்பியவர்கள் மட்டும் மாடிக்கு வர ஏழு மணியானது. ஊரடங்கு வாரத்தில் எல்லோருக்கும் விடுமுறை. மூன்று வேளையும் எல்லோரும் வீட்டிலேயே சாப்பிட்டதால் அடுப்புக்கு மட்டும் ஓவர்டைம்.

பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் அந்த வாரம் வரவில்லை. சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுப்பது என்று நான்கு வீடுகள் முதல் தேதிக்கு முன்பே பேசிக்கொண்டன. ஒரு வீட்டில் 'பார்க்கலாம்' என்றார்கள். டீச்சர் வீட்டிலிருந்து அதற்கு முன்பே பணம் போய்விட்டிருந்தது.

அந்த வாரத்தின் பெரிய சந்தோஷம் எது என்று பிள்ளைகளைக் கேட்டால், சந்தேகமில்லாமல் வடாம்! கத்திரி வெயிலின் கடைசி நாள்களை வீணாக்க மனமில்லாமல், தரைத்தளத்துப் பாட்டி செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஜவ்வரிசியை ஊறப்போட்டார். விடிகாலையில் கண்ணாடிபோல வேகவைத்து, பச்சைமிளகாய் விழுதும் பெருங்காயமும் உப்பும் சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தார்கள். மாடியில் பழைய வேட்டியை விரித்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றினார்கள். காக்கையை விரட்டக் கறுப்புக் குடை ஒன்று, அதன் நிழலில் இரண்டு காவலர்கள், வயது எட்டும் பத்தும். மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று இருக்கும் வடாமுக்கு ஒரு ருசி உண்டு. பொரித்த வடாமில் அது வராது. சாயங்காலம் பாட்டி எண்ணிப் பார்த்தபோது காக்கை ஒன்றுகூட வரவில்லை. வடாம் 31 குறைந்திருந்தது.

வெயில் ஏறினால் தாயம். தரையில் சாக்பீஸ் கோடு, பித்தளைத் தாயக்கட்டை. பரணில் கிடந்ததைத் தேடி எடுத்தது அந்தப் பையன்தான். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது என்பதால், அரைமணி நேரம் கையில் காயோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பு மேல்வீடு வரை கேட்டதாம்.

இதற்கெல்லாம் நடுவில், ராத்திரி 9 மணி என்றால் ஆறு வீடும் ஒரே விஷயத்துக்குக் காத்திருந்தது. டீச்சர் காலையிலும் ராத்திரியிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் இருவருக்கும் அளவு பார்ப்பார். இருவருக்கும் 94-க்குக் குறையாமல் இருந்தால், பால்கனி லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் போனில் பதில் சொல்ல மூச்சு வாங்கியதால் அவரே கண்டுபிடித்த ஏற்பாடு.

புதன்கிழமை 9 மணிக்கு லைட் எரியவில்லை. 9.10-க்கும் இல்லை.

கணவருக்கு 93 காட்டியது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தார். 93. டாக்டருக்குப் போன் போனது. குப்புறப் படுக்கச் சொன்னார் டாக்டர். அரைமணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட வேண்டும் என்றார். சாப்பிட்டு ஒரு மணிநேரம் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டார். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு என ஐந்து தலையணை வேண்டும். வீட்டில் இருந்தது மூன்று. கயிறு இறங்கியது. அந்த ராத்திரியில் இரண்டு வீட்டுத் தலையணைகள் முதல் மாடிக்கு ஏறின. கட்டிய பையனுக்குக் கை நடுங்கியதாக அவன் அம்மா சொல்கிறார்.

கீழே ஒருவர் காரைத் தெருவுக்கு எடுத்து, முன்பக்கம் வெளியே பார்த்தாற்போல நிறுத்தினார். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று இன்னொருவர் போனில் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தேகாலுக்கு லைட் எரிந்தது. அணைந்தது. எரிந்தது. 95.

அடுத்த நாள்களிலும் அவர் வேளைக்கொரு தடவை குப்புறப் படுத்தார். அளவு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஊரடங்கு ஜூன் 7 வரை நீட்டிக்கப்படுவதாகச் செய்தி வந்தது. உள்ளூர் மளிகைக்கடைகள் வண்டியில் கொண்டுவந்து விற்கலாம் என்ற அறிவிப்பும் கூடவே வந்ததால், காபித்தூள் தாத்தாவுக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டு பால்கனிச் சுவரில் எவர்சில்வர் தூக்குகளும் டப்பாக்களும் வரிசையாக வெயிலில் கவிழ்ந்திருந்தன. வாரம் முழுக்க ரசமும் இட்லியும் ஏறிப்போன பாத்திரங்கள். எது யாருடையது என்று மூடியில் வெட்டிய பெயரைப் பார்த்துப் பிரித்துவைத்துவிட்டார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக்கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இப்போதைக்கு எதையும் போட்டுக்கொடுக்கவும் முடியாது. அதனால், தனிமை முடியும்வரை அவை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஏழரைக்கு வண்டி வந்தது. கயிறு இறங்க நேரமானதும் வண்டிக்காரர் தானே மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "டீச்சரம்மா, இன்னிக்கு எலுமிச்சம்பழம் வேணாமா?"

"ஆறு போடுப்பா" என்றார் டீச்சர். "அடுத்த வாரம் ஊறுகாய் போடணும். ஆறு வீட்டுக்கு வேணும்."

"ஆறு பழம் எப்படிம்மா பத்தும்?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்துப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.