வயல் நடுவே பொதுவழி

இங்கிலாந்தில் தனியார் வயலுக்குள் போகும் பொதுவழியிலும் யாரும் உரிமையோடு நடந்து போகலாம். பொதுவழி என்று பதிவான ஒற்றையடிப் பாதையை நிலத்துக்காரர் மறிக்க முடியாது. குறுக்கே வேலி வந்தால் ஏறி இறங்க மரப்படி இருக்கும். சில இடங்களில் ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாது என்கிற மாதிரி ஒரு சாமர்த்தியமான கதவு!

இத்தகைய வழிகளைக் கோத்து அமைந்ததுதான் காட்ஸ்வோல்டு வே. 164 கிலோமீட்டர். சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, பாத் நகரின் பழைய தேவாலயத்தின் முன் முடிகிறது. 2007-இல் தேசிய நடைவழியானது.

சிப்பிங் கேம்டன் கம்பளி வணிகத்தால் கொழித்த ஊர். ஆனால், கடைத்தெருவில் 1627-இல் எழுந்த சந்தை மண்டபம் கம்பளிக்காகக் கட்டியதல்ல. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்பவர்கள் மழையில் நனையாமல் இருக்கக் கட்டியது. தேன்நிறக் கல் வளைவுகள். உள்ளே கல் பாவிய தரை ஒரே மேடு பள்ளம். வீடுகளும் அதே தேன்நிறக் கல்தான். பாதையை விட்டு இறங்கி ஊருக்குள் ஒரு சுற்று வருவது நல்லது.

நடக்கப் போகிறவர்கள் சேற்றுக்குத் தாங்கும் காலணி எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் மரக் கொட்டையின் படம் இருக்கும். அதைப் பார்த்தே போகலாம். மூடியிருந்த கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள். உள்ளே ஆடுகள் மேயும்.