குடிக்காதவருக்கும் வரும் ஈரல் நோயும் வீட்டுச் செலவும்

மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருபவர்களில், ஈரல் நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறார்கள். "அவர் குடிக்கவே மாட்டாரே, வெளியே சொன்னால் என்ன நினைப்பார்கள்?" என்ற கூச்சம்தான் காரணம். அதற்குள் நகை அடகுக்குப் போயிருக்கும். வட்டிக்குக் கை நீட்டாதவர்களும் நீட்டியிருப்பார்கள்.

கல்லீரலில் கொழுப்பு சேர மது மட்டுமே காரணம் இல்லை. உடல் செலவழிப்பதைவிட அதிகமாகச் சாப்பிடும் சர்க்கரை, மாவு, எண்ணெய் ஆகியவற்றின் மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. நீரிழிவும் தொப்பையும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பேறி, கடைசியில் சுருங்கிவிடும். அதுவரை பெரும்பாலும் வலி தெரியாது. 2021-ல் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் இந்நோயைச் சேர்த்த மத்திய அரசு, மக்களில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது.

ஆரம்பத்தில் கண்டால் செலவு குறைவு. ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் போதும். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் அளவுகளோடு வயதையும் சேர்த்து, தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று மருத்துவர் கணக்கிட்டுவிடுவார். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் கொழுப்பு இறங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் வீக்கமும் தணியும். ஆம்பூர்க்காரரிடம் பிரியாணியை விடச் சொல்ல எங்களுக்கே மனம் வராது. ஆனால் அளவைக் குறைக்கலாம். கூடவே வரும் குளிர்பானத்தையும், அதற்குப் பிறகு வரும் ஆற்காடு மக்கன் பேடாவையும் தள்ளி வைக்கலாமே!

முற்றிய பிறகு வயிற்றில் நீர் எடுப்பது, எண்டோஸ்கோபி, அல்புமின் ஊசி என்று மாதாமாதம் மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருக்கும். ஷூ கம்பெனியில் அவருடைய சம்பளம் நிற்கும். கூடவே போகும் மனைவி வீட்டில் அப்பர் தைப்பவர் என்றால், அந்தக் கூலியும் நிற்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 15,000 வாங்குபவருக்கே அது தாண்டிவிடுகிறது. அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு: சிகிச்சையோடு, ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது மாதம் சுமார் 10,500 ரூபாய். வயிற்றில் நீர் கோத்த ஈரல் சுருக்கம் இ.எஸ்.ஐ.யின் நீண்டநாள் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு 80 சதவீதம், 2 ஆண்டுவரை கிடைக்கும். பட்டியலைப் பற்றித் தெரியாமலே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேலையை விட்டால் அந்த உரிமையும் கைவிட்டுப் போகக்கூடும்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டிய சூப்பர்வைசருக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ.யும் இல்லை, காப்பீடும் இல்லை. வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. கிடைப்பதில்லை, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

உதவி கேட்டு வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட், ரேஷன் அட்டை, இ.எஸ்.ஐ. எண் அல்லது காப்பீட்டு அட்டை கொண்டு வாருங்கள். ரிப்போர்ட்டில் 'முதல் நிலை' என்று இருக்கும்போதே வாருங்கள். அவர் குடிப்பாரா என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை.